தண்டாலும் நானும்

“சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது பழமொழி. பள்ளியில் படித்த நாளில் இந்தப் பழமொழியை முதல் வரியாக வைத்து ‘உடல்நலம் பேணல்’ என்னும் தலைப்பில் நான் எழுதிய கட்டுரைகள் ஒன்றா, இரண்டா! ஒவ்வொன்றுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஒரு முறை பரிசாகப் பேனா ஒன்றும் கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதிய கை, வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் குடத்தைத் தவிர, பேனாவைவிடக் கனமான பொருள் எதையும் தூக்கியதில்லை என்பதை இன்று ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நமது மன்றத்தின் மலருக்குச் சொந்த அனுபவம் ஒன்றை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். காதல் அனுபவம் என்னிடம் இல்லை. வெளிநாட்டுப் பயணமும் இல்லை. இருப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இந்த மும்பை மாநகரில் எனக்கு ஏற்ற ஓர் உடற்பயிற்சிக் கூடத்தைத் தேடி ஐந்து மாதம் அலைந்த கதை. படித்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் கதையின் தொடக்கம் மட்டும் சிரிப்புக்கு உரியதன்று.

சென்ற ஆண்டு ஜனவரி மாதம் மாணவர்களுக்காக இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பிஸ்கோத்தும் பழரசமும் தருகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள், நானும் போனேன். பிஸ்கோத்து நன்றாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து வந்த தாள்தான் நன்றாக இல்லை. மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் ஒன்று அதில் இருந்தது. அந்த எண் 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐ எட்டினால் நீரிழிவு. இரண்டுக்கும் இடையில் நிற்பவன் நோயின் வாசற்படியில் நிற்கிறான். என் எண் 6.1. தேர்வில் 61 வாங்கியபோது தெருவுக்கே மிட்டாய் வழங்கியவன் நான். இந்த 6.1-ஐ எவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்போது வயது 22.

வீட்டில் சொல்லத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் பதினொரு ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழ்பவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். செருப்பு உரசி வந்த சிறிய புண். வலி தெரியாததால் அவர் கவனிக்கவில்லை. சர்க்கரை நோய் முதலில் வலியைத் திருடும்; பிறகு காலைத் திருடும்.

நாங்கள் தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் தாராவிக்கு வரத் தொடங்கினார்கள். என் பூட்டனாரும் அந்த வழியில் வந்தவர்தாம். தோல் பதனிடும் பட்டறைகள் பெரும்பாலும் பிற்காலத்தில் அங்கிருந்து போய்விட்டன; தோலில் பை தைக்கும் தொழில் மட்டும் தங்கிவிட்டது. பூட்டனார் ஈரத் தோலைத் தோளில் சுமந்து ஓடியாடி வேலை செய்தவர். அப்பாவோ தையல் இயந்திரத்தின் முன்னால் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்தார். முன்பு காலால் மிதிக்கும் இயந்திரமாவது இருந்தது. மோட்டார் வந்த பிறகு அந்த மிதியும் நின்றுபோயிற்று.

ஓர் இரவு, சாப்பாட்டின்போது, தாளை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“ஏல, நான் உக்காந்தே சம்பாதிச்சேன். நீ உக்காந்தே படிக்க. நோவுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ல.”

ஆயிரம் பக்கப் புத்தகம் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் எனக்குச் சொல்லிவிட்டது. மறுநாளே மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் நல்ல மனிதர். பயமுறுத்தவில்லை, கணக்குச் சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். என்னைப் போல் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 இலட்சம் பேர். “கூட்டத்தோடுதான் நிற்கிறாய், ஆனால் உள்ளே போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை” என்றார். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் கூறினார். வாசற்படியில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்களாம். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களிடையே நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்ததாம். மாத்திரை மட்டும் உண்டவர்கள் பெற்ற பயனும் இதைவிட அதிகமில்லை.

“இதன் இரகசியம் என்ன, டாக்டர்?” என்றேன்.

“இரகசியம் ஒன்றுமில்லை, தம்பி. வேலை செய்கிற தசை, இரத்தத்தில் திரிகிற சர்க்கரையைத் தானே இழுத்துச் செலவழித்துவிடும். உட்கார்ந்திருக்கிற தசை அந்த வேலையைச் செய்யாது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேர்க்க நட. இரண்டு நாளாவது தசைக்கு வலுக் கொடுக்கும் பயிற்சி செய். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எல்லோருக்கும் சொன்னதும் இதுதான்.”

150 நிமிஷம்! ஒரே ஒரு திரைப்படம் பார்க்கும் நேரம். இதைக்கூடச் செய்யமாட்டேனா என்று மார்தட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் அலைச்சல் அன்று தொடங்கியது.

முதலில் போனது செம்பூர். அங்கே ஒரு கூடம் இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். அதன் பெயர் வேண்டாம். பிழை பாதி என்னுடையது. சுற்றிலும் கண்ணாடி, குளிர்ந்த காற்று, காதைப் பிளக்கும் பாட்டு. மாதச் சந்தாவாகக் கட்டினால் கட்டணம் அதிகம். ஆண்டு முழுவதற்கும் ஒன்றாகக் கட்டினால் சலுகை. சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழனுடைய அறிவு சற்று மயங்கத்தானே செய்யும்? படிப்புக்கு வந்த உதவித்தொகையில் பெரும்பகுதியை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் நானே தெரிந்தேன். என் உடம்பை நானே இத்தனை கோணத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்து மகிழவும் முடியவில்லை. டிரெட்மில் என்னும் பட்டை ஓடியது; அதன்மேல் நான் ஓடினேன்; அரை மணி கழித்து இறங்கினால் ஏறிய இடத்திலேயே இருந்தேன். பயிற்சியாளர் இளைஞர். முதல் நாள் அன்பாகத்தான் பேசினார். இரண்டாம் நாள் முதல் அவருடைய கவனம், தனிக் கட்டணம் கட்டியவர்கள் பக்கம் போய்விட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தூரம். தாராவியிலிருந்து சயான் நிலையத்துக்கு நடை. அங்கிருந்து குர்லாவுக்கு ரயில். குர்லாவில் இறங்கி ஹார்பர் பாதைக்கு மாறி, மாலை நேரக் கூட்டத்தில் செம்பூர் வரை பிரயாணம். பயிற்சி ஒரு மணி என்றால் போக்குவரத்து இரண்டு மணி. ரயிலில் ஏறுவதே மல்யுத்தம். இறங்குவது அதைவிடப் பெரிய மல்யுத்தம். கூடத்துக்குப் போய்ச் சேரும்போது பயிற்சி முடிந்துவிட்டதுபோல் இருக்கும்.

பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் கால் கூடத்துக்குப் போகாமல் செட்டா நகர்ப் பக்கம் திரும்பியது. அங்கே குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட படிகள். பாதி ஏறுமுன் மூச்சு வாங்கிற்று. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், கையில் அர்ச்சனைக் கூடையுடன், என்னைக் கடந்து மேலே போனார். போகிறபோது, “மெதுவா வாப்பா, முருகன் எங்கேயும் ஓடிப் போயிடமாட்டான்” என்று ஆறுதல் கூறினார். ஆண்டுச் சந்தா கட்டிய எனக்கு, காசில்லாத படிக்கட்டு கற்றுக்கொடுத்த பாடம் அது.

அதற்குப் பிறகு நான் செம்பூர்க் கூடத்துக்குப் போகவில்லை. “ஏன் வரவில்லை?” என்று அங்கிருந்து ஒருவரும் கேட்கவும் இல்லை. அடுத்த ஆண்டுச் சந்தாவுக்கு இப்போதே சலுகை உண்டு என்று மட்டும் கைபேசிக்குச் செய்தி வந்தது.

இரண்டாவதாகப் போனது மாதுங்கா. என் வகுப்புத் தோழன் ஒருவன் அங்கே மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவன். “காசு எதுக்குடா? காத்தாலே அஞ்சரைக்கு வா. எங்க தாத்தாவோட நடக்கலாம்” என்று அழைத்தான். நடந்த இடம் ஃபைவ் கார்டன்ஸ் எனப்படும் ஐந்து பூங்காக்கள். மரநிழலும் அகன்ற தெருவும் அமைதியும் சேர்ந்த அப்படி ஓர் இடம், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது என்பதையே நான் அதுவரை உணர்ந்ததில்லை.

அந்தப் பூங்காக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமும் காற்றில்லாத வீடுகளும் நோயை வளர்த்தன என்று கண்டு, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஒன்றை அமைத்தார்கள். அந்த டிரஸ்டு திட்டமிட்டு உருவாக்கிய புறநகர்ப் பகுதிதான் தாதரும் மாதுங்காவும். நோய் வந்த பிறகுதான் நகரம் மூச்சு விட இடம் தேடியது. நோய்க் குறி வந்த பிறகுதான் நானும் தேடினேன். நகரத்துக்கும் எனக்கும் புத்தி ஒரே மாதிரி! ஒன்று மட்டும் மனத்தை உறுத்தியது. அந்தத் திட்டத்தின் மரநிழல், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தாராவிக்கு வந்து சேரவில்லை.

தாத்தாவும் அவர் நண்பர்களும் நடையில் சூரர்கள். நடந்துகொண்டே சண்முகானந்தா அரங்கில் கேட்ட கச்சேரியை அலசுவார்கள். அவரவர் சர்க்கரை அளவை ஸ்வர சுத்தமாக ஒப்பிப்பார்கள். “இருபத்திரண்டு வயசுலே ஆறு புள்ளி ஒண்ணா? பேஷ், எங்க சங்கத்துலே நீதான் கடைக்குட்டி!” என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நடை முடிந்ததும் சபை அருகிலுள்ள ஓட்டலுக்கு நகரும். நெய் மிதக்கும் பொங்கலும், வடையும், நுரை பொங்கும் காப்பியும் வரும். நடந்து செலவழித்த சர்க்கரை வட்டியோடு திரும்பி வந்துவிடும்.

இருந்தும் அந்தக் கூட்டத்தை விட்டு வந்ததற்குக் காரணம் பொங்கல் அன்று. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில்தான். அதுவும் சில மணி நேரந்தான். அப்பாவின் கால் அப்படி ஆன பிறகு, தண்ணீர் பிடித்து ஏணி வழியாக மாடிக்கு ஏற்றும் பொறுப்பு என்னுடையது. நான் மாதுங்காவில் மரநிழலில் நடந்த நாட்களில் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறியிருக்கிறார். இதை நான் இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. என் உடம்புக்கு நல்லதாக இருந்தது என் வீட்டுக்கு நல்லதாக இல்லை. காலை நேரம் எனக்கு உரியதன்று என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது இடத்துக்குச் சேருவதற்காகப் போகவில்லை, பார்ப்பதற்காகப் போனேன். தாதர் சிவாஜி பூங்காவில் ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திர் இருக்கிறது. 1925-இல் தொடங்கப்பட்டு நூறாண்டு கண்ட நிறுவனம். மல்லகம்பம் என்னும் கலைக்குப் பேர்போனது. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் என்ற பெயரில் சிறுவர் சிறுமியர் பயில்வது இதைத்தான். மல்லர்கள் கம்பத்தில் பயிற்சி செய்வது பழைய வழக்கம். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. நடுவில் மங்கிப்போன அதை, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்பவர் மீண்டும் தழைக்கச் செய்தார் என்பர். இந்தக் கலையைப் பல்லாண்டு கற்பித்துவரும் உதய் தேஷ்பாண்டே அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒரு மே மாத மாலையில் போய் நின்று பார்த்தேன். ஆமணக்கெண்ணெய் பூசிய மரக்கம்பத்தில் சிறுவர்கள் பல்லிபோல் ஏறினார்கள். உச்சியில் கைகளை விட்டுவிட்டு, காலால் மட்டும் பற்றிக்கொண்டு வில்லாக வளைந்தார்கள். தொங்கும் கயிற்றில் எட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண், கால் கட்டைவிரலிடுக்கில் கயிற்றைப் பிடித்து ஏறி, நடுவானில் பத்மாசனம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தரையில் சம்மணம் போட்டாலே முழங்கால் காதுக்கு அருகே வந்துவிடும். அந்தக் கலை எனக்கு எட்டாது என்பது பார்த்த கணமே தெரிந்தது.

ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. மேலே இருப்பவன் தவறினால் பிடிக்க, கீழே ஒருவன் எப்போதும் கையை விரித்து நின்றான். சற்றுமுன் கம்பத்தில் இருந்தவன் இறங்கி வந்து அந்த இடத்தில் நின்றான். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சின்னவன் தன்னைவிடச் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். செம்பூரில் நான் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘இதுவல்லவா கூடம்! இப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் இல்லையே’ என்று ஏங்கிக்கொண்டே பஸ் ஏறினேன்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை உங்களுக்குத் தெரியும். என் கதையும் அதுதான். எங்கள் சந்திலிருந்து நான்கு சந்து தள்ளி, தகரக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. வாசலில் சிந்தூரம் பூசிய மாருதி. மராட்டிய நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் சமர்த்த ராமதாசர் ஊர் ஊராக மாருதி கோயில் எழுப்பி, பக்தியையும் உடல் வலிமையையும் ஒன்றாகப் போதித்தார் என்பார்கள்; அன்று முதல் மாருதி இல்லாத வியாயாமசாலையை இங்கே காண்பது அரிது. அந்த வாசலை நான் பிறந்தது முதல் கடந்து போயிருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் முரடர்கள், படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று ஓர் எண்ணம். படித்தவனுடைய அகந்தைக்கு நான்கு சந்து தூரம்கூடப் பெருந்தூரந்தான்.

ஜூன் மாதம், முதல் மழை பெய்த மாலை, மழைக்கு ஒதுங்குவதுபோல் அங்கே ஒதுங்கினேன். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம் இருக்கும். இரும்புத் தண்டு இரண்டு; சிமெண்டைத் தகர டப்பாவில் வார்த்துச் செய்த எடைகள்; மூலையில் இரண்டு ஜோடி கர்லாக்கட்டை. சுவரில் மாருதிக்குப் பக்கத்தில் முருகன் படம். அதற்குப் பக்கத்தில் மெக்காவின் படம். வஸ்தாது ஐம்பத்தைந்து வயதுக்காரர். பகலில் லாரியில் மூட்டை ஏற்றும் தொழில். இரவு எட்டு முதல் பத்து வரை இங்கே. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, மராட்டியில் நடத்தி, இந்தியில் முடிப்பார்.

என் எடையை அவர் கேட்கவில்லை. “யாரு புள்ள நீ? எந்தச் சால்?” என்றார். சொன்னேன். “பை தைக்கிற அண்ணாச்சி மகனா? அவருக்குக் கால் இப்ப எப்பிடி இருக்கு?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. செம்பூரில் நான் நிரப்பிய நான்கு பக்கப் படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை.

பிறகு என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். புதிதாக வருகிறவன் முதலில் தரையைப் பெருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். பெருக்கினேன். “அஞ்சு தண்டால், பத்து பஸ்கி. போதும்” என்றார். நாம் தண்டால் என்பதையும் பஸ்கி என்பதையும் மராட்டியர் தண்டு, பைட்டக் என்பர். பெயர் மாறினாலும் வலி ஒன்றுதான். மூன்றாவது தண்டாலில் கை நடுங்கி முகம் தரையைத் தொட்டது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஒருவன், தோல் பட்டறையில் வேலை செய்பவன், “எனக்கு மொத நாள் ரெண்டுதாண்ணே வந்துச்சு” என்றான். அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஆனாலும் உலகில் நான் கேட்ட நல்ல பொய்களுள் அது ஒன்று.

மூலையில் கிடந்த கர்லாக்கட்டையைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டு மல்லர்களிடம் ஆங்கிலேயர் கண்டு தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோன கருவி அது. 1904-ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸிலும், 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுவதும் ஒரு போட்டியாக இருந்தது. இதை நான் வஸ்தாதிடம் சொன்னபோது அவர் அசையவில்லை. “அது சரி. நீ மொதல்ல தோளைத் தளர்த்து” என்றார்.

நான்காம் நாள் பெருமழை. உடம்பெல்லாம் வலி. ‘ஒரு நாள் போகாவிட்டால் என்ன’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு ஏணியின் கீழே யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால், முழங்கால் வரை தண்ணீரில், ஒரே குடையின் கீழ் இரண்டு பையன்கள். “வஸ்தாது கேக்குறாரு, உடம்புக்குச் சரியில்லையான்னு. சரியில்லைன்னா வரவேணாம், சரியா இருந்தா வரணுமாம்.”

நண்பர்களே, அந்தக் கணத்தில்தான் என் தேடல் முடிந்தது. ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டிய இடத்தில் நான் வராததை ஒருவரும் அறியவில்லை. மாதம் 300 ரூபாய், அதுவும் இருக்கும்போது கொடு என்று சொன்ன இடத்தில், நான் வராத ஒரு மணி நேரத்துக்குள் தேடி வந்துவிட்டார்கள். நமக்கு ஏற்ற கூடம் எது என்று கேட்டால், நாம் இல்லாதது எங்கே தெரிகிறதோ அதுதான் என்பேன். குடை இல்லாமலே கீழே இறங்கினேன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அப்பாவும் என் பின்னாலேயே தடி ஊன்றி வந்து வாசலில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னார். வஸ்தாது ஒரு நாற்காலியைப் போட்டு உள்ளே கூப்பிட்டார். ஆனால் கட்டையை உடனே கையில் கொடுத்துவிடவில்லை. “அண்ணாச்சி, மொதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. காலுல எடை விழக்கூடாது” என்றார். சயான் ஆஸ்பத்திரி மருத்துவர், உட்கார்ந்தபடி கைக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யலாம், அன்றாடம் பாதத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். அன்று முதல் அப்பா நாற்காலியில் அமர்ந்து, மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை ஏற்றி இறக்குகிறார். வீடு திரும்பியதும் அவர் பாதத்தை மடியில் வைத்து விளக்கொளியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் காலைக் காட்ட வெட்கப்படுவார். இப்போது அவரே நீட்டிவிடுகிறார்.

டிசம்பரில் மறுபடியும் பரிசோதனை செய்தேன். எண் 5.8. மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறேன். ஆனால் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. தண்டால் நாற்பது வருகிறது. பொங்கலை மாதம் ஒரு முறையாகக் குறைத்திருக்கிறேன். மாதுங்காத் தாத்தாவுக்கு இதில் மனவருத்தம்.

கதையை இங்கே முடித்தால் சுபமாக இருக்கும். ஆனால் என் தங்கை முடிக்க விடவில்லை. அந்த 5.8-ஐக் காட்டி நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது, “அண்ணே, அந்தக் கூடத்துல எங்களுக்கு எந்த நேரம்?” என்று கேட்டாள். நான் விழித்தேன். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவின் சர்க்கரையை அளந்தோம், என்னுடையதை அளந்தோம். அம்மாவினுடையதை அளக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ‘அம்மாதான் நாள் முழுவதும் வேலை செய்கிறாரே’ என்ற எண்ணம். 2024-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த கணக்கு, 2022-இல் நம் நாட்டில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 42 பேர், பெண்களில் 57 பேர் என்கிறது. சிவாஜி பூங்காவில் கயிற்றின் உச்சியில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியை நான் வியந்து பார்த்தேனே தவிர, என் வீட்டுப் பெண்ணை நினைக்கவில்லை.

வஸ்தாதிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். ஒரு வாரம் பிள்ளைகளிடையே வாக்குவாதம் நடந்தது. முடிவில், ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை பெண்களுக்கு என்று தீர்மானமாயிற்று. கற்றுக்கொடுக்கப் பெண் ஒருத்தி வேண்டுமே என்றதற்கு, சிலம்பம் தெரிந்த பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி முன்வந்திருக்கிறாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொடக்கம். இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் ஐந்து பேர். அம்மா இன்னும் பெயர் கொடுக்கவில்லை, “பார்ப்போம்” என்கிறார். பரிசோதனைக்கு இரத்தம் மட்டும் கொடுத்திருக்கிறார், முடிவு வரவேண்டும்.

இந்த மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. அனுபவப்பட்டவன் என்ற முறையில் இவ்வளவு சொல்லலாம்: நடந்து போகிற தூரத்தில் இடம் பாருங்கள். உங்கள் வீட்டு வேலையை இன்னொருவர் தலையில் ஏற்றாத நேரமாகப் பாருங்கள். ஆண்டுக் கட்டணத்தை முதல் நாளே கட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் வேண்டுமென்றே போகாமல் இருந்து பாருங்கள். யாராவது தேடி வந்தால், அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி எட்டாகப் போகிறது. அப்பா தடியை எடுத்துக்கொண்டு ஏணியருகே நின்று, “ஏல, எழுதுனது போதும், எந்திரி” என்று சத்தம் போடுகிறார். இன்று தரை பெருக்கும் முறையும் என்னுடையது. வருகிறேன்.